ஹார் காவ் தோல் எப்படிக் கண்ணாடி ஆகிறது?

தென்சீனாவின் குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் ஒரு தேநீர்சாலையின் சமையற்காரர் எவ்வளவு தேர்ந்தவர் என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஹார் காவைத்தான் வரவழைப்பார்கள். இறால் வைத்து மடித்த சின்னக் கொழுக்கட்டை அது. மூங்கில் கூடையின் மூடியைத் திறந்தால் மூன்றோ நான்கோ இருக்கும். உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு தோல் வழியாகத் தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது கிழியக்கூடாது, கடித்தால் பல்லில் ஒட்டக்கூடாது. மடிப்புகள் ஏழுக்குக் குறையக்கூடாது, கைதேர்ந்தவர்கள் பத்துக்கு மேல் வைப்பார்கள். டிம் சம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பலகாரங்கள் உண்டு. அவற்றில் இந்த ஒன்றைச் செய்வதுதான் மிகக் கடினம் என்பது என் கருத்து. காரணம், இதன் தோல் மாவிலிருந்து எடுக்க வேண்டிய ஒன்றை எடுத்துவிட்டுச் செய்யப்படுகிறது.

கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு புரதம். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அந்தப் புரதங்கள் பின்னிப் பிணைந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. பரோட்டாவை வீசி விரிக்க முடிவது அந்த வலையால்தான். ஆனால் ஒளிக்கு அந்த வலை தடை. அதனால்தான் மைதாவில் செய்த மோமோ மெல்லியதாக இருந்தாலும் இந்த அளவு ஊடே தெரிவதில்லை.

ஹார் காவுக்கு வேண்டியது குளூட்டன் நீக்கிய கோதுமை மாவுச்சத்து மட்டும். பிசைந்த மாவைத் தண்ணீரில் வைத்து அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து பால்போலக் கரைந்து இறங்கும், கையில் குளூட்டன் மட்டும் ரப்பர் மாதிரி மிஞ்சும். அந்தப் பாலைத் தெளியவைத்து அடியில் படிவதை உலர்த்தினால் தேவையான பொடி கிடைத்துவிடும். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுப்பதும் இதே வேலைதான். அல்வா கண்ணாடிபோல் பளபளப்பதற்கும் ஹார் காவ் தோல் ஊடே பார்க்க முடிவதற்கும் காரணம் ஒன்றே. மிஞ்சிய குளூட்டனையும் சீனர்கள் வீணாக்குவதில்லை. சைவச் சமையலில் இறைச்சிக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, வலை போய்விட்டது. இனி மாவை எது பிடித்துவைக்கும்? இந்தப் பொடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிசையவே வராது, கூழாக ஓடும் அல்லது பொடிந்து உதிரும். அதனால் கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கிளறுகிறார்கள். கோதுமை மாவுச்சத்தின் மணிகள் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரை அலகுகளால் ஆன நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சூடு அந்த அடுக்கைக் குலைக்கிறது, இடைவெளிகளில் நீர் புகுகிறது. கொதிநீர் ஊற்றிய அந்தச் சில நொடிகளில் மணிகளில் ஒரு பகுதி மட்டும் இப்படி வீங்கிப் பசையாகி, வேகாத மற்ற மணிகளை ஒட்டிப் பிடிக்கிறது. நீர் கொஞ்சம் ஆறிப்போயிருந்தால் பசை போதாது, தோல் மடிக்கும்போதே வெடிக்கும். இந்த ஓர் அடியில் தவறினால் அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் சரிசெய்ய முடியாது.

இதனுடன் கொஞ்சம் மரவள்ளி மாவுச்சத்தும் சேர்ப்பார்கள். மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் நேரானது, அமைலோபெக்டின் கிளை விட்டது. கோதுமையில் அமைலோஸ் சுமார் கால் பங்கு, மரவள்ளியில் அதைவிடக் குறைவு. கிளைச் சங்கிலிகள் அதிகமாக இருந்தால் இழுவையும் பளபளப்பும் கூடும், அமைலோஸ் இருந்தால்தான் தோல் நிமிர்ந்து நிற்கும். மரவள்ளி கூடிப்போனால் தோல் சவ்வாகும், குறைந்தால் விறைப்பாகும்.

இந்த மாவைக் குழவியால் உருட்டித் தேய்ப்பதில்லை. இழுத்தால் நீளும் வலை அதில் இல்லையே! எண்ணெய் தடவிய, முனை மழுங்கிய அகலக் கத்தியின் பக்கவாட்டை உருண்டையின் மேல் வைத்து ஓர் அழுத்து, ஒரு திருப்பு. வட்டமான தோல் வந்துவிடும்.

மடித்து முடித்த ஹார் காவ் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். கண்ணாடித்தன்மை ஆவியில் வேகும்போதுதான் வருகிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டும் ஒளியை வளைக்கும் அளவில் வேறுபட்டால், அந்த எல்லையில் கொஞ்சம் சிதறுகிறது. ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, வேகாத மாவுச்சத்துக்கு ஏறக்குறைய 1.53. தோலில் கோடிக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஓர் எல்லை. ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது இந்த எல்லைகள் மங்கிவிடுகின்றன. பெரும்பாலான ஒளி சிதறாமல் உள்ளே போய் இறாலில் பட்டுத் திரும்பி வருகிறது. இறாலின் சிவப்பும் அதே சில நிமிடங்களில் பிறப்பதுதான். பச்சை இறாலில் அஸ்டாஸாந்தின் என்ற நிறமி ஒரு புரதத்தின் பிடியில் மங்கிக் கிடக்கிறது. சூட்டில் புரதம் உருக்குலைய, நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது.

வேகவைக்க ஆவிதான் ஏற்றது. கொதிநீரில் போட்டால் குளூட்டன் இல்லாத தோல் நைந்து கிழியக்கூடும். ஆவியின் வலிமையும் அசாத்தியமானது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராம், ஆவியாக வந்து தோலின் மேல் நீராகப் படியும்போது 540 கலோரியை இறக்கிவைக்கிறது. வீங்குவதற்கு வேண்டிய ஈரமும் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது. நான்கைந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. பின்னிய மூங்கில் மூடி மிகுதி ஆவியைக் கசியவிட்டு, மீதி ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உலோக மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும், சொட்டிய இடத்தில் தோல் நைந்துவிடும்.

இறால் கடிக்கும்போது நறுக்கென்று உடைவதும் திட்டமிட்டுச் செய்ததுதான். உப்பும் சமையல் சோடா போன்ற காரப்பொருளும் சேர்த்து ஊறவைத்து, குளிர்ந்த நீரில் நன்றாக அலசுகிறார்கள். காரத்தன்மை ஏறும்போது தசைப் புரதங்களில் ஒரே வகை மின்சுமை கூடி அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. நடுவே நீர் தங்குகிறது. வெந்தபின்னும் அந்த நீர் வெளியேறாததால் சதை சுருங்காமல் திமிறி நிற்கிறது.

மற்ற கூடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி இறைச்சி வைத்த சார் சியூ பாவ் என்ற பன் மேலே பூவாக வெடித்திருப்பது விபத்து அல்ல. புரதம் குறைந்த மாவு, அமோனியம் பைகார்பனேட், கடுமையான ஆவி மூன்றும் அதற்குக் காரணம். அந்த அமோனியம் உப்பு சூட்டில் முழுவதும் அமோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என்று பிரிந்துபோகிறது. வாயு வேகமாகப் பெருக, வலுவில்லாத மாவு விரிய முடியாமல் கிழிகிறது. கோழியின் பாதத்தில் செய்யும் கோழிக்காலில் நடப்பது வேறு. எண்ணெயில் பொரித்துக் குளிர்நீரில் போட்டதும் தோல் உப்பிச் சுருக்கம் விழுகிறது. பிறகு நெடுநேரம் வேகும்போது தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக மாறி நாவில் கரைகிறது.

இத்தனைக்கும் துணை தேநீர். ஹாங்காங்கில் பலர் விரும்புவது பூ-அர். குவியலாக வைத்து ஈரமாக்கி நுண்ணுயிர்களால் நொதிக்கவிடும் முறை 1973இல் சீனாவின் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருவானது. இன்று கடைகளில் கிடைக்கும் கருநிறப் பூ-அர் அந்த முறையில் தயாராவது. பூரணத்தில் இருக்கும் பன்றிக் கொழுப்பு வாயில் உறையாமல் இருக்கச் சூடு உதவுகிறது. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சில் புரதங்களோடு சேர்ந்து லேசான துவர்ப்பைத் தருவதால் அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிறது.

ஒரு கூடைக்கு மூன்று, நான்கு மட்டும் வைப்பதும், ஆவி பறக்கும் தள்ளுவண்டியை மேசை மேசையாகத் தள்ளிவருவதும் பழைய தேநீர்சாலைகளின் வழக்கம். இப்போது பல இடங்களில் அட்டையில் குறியிட்டுக் கொடுத்தால் உடனுக்குடன் வேகவைத்துத் தருகிறார்கள். ஹார் காவுக்கு இதுவே நல்லது என்று நினைக்கிறேன். ஆறத் தொடங்கியதும் அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்காகச் சேர்கின்றன. தோல் விறைத்து, மெல்ல மங்குகிறது. ஆகவே மேசையில் பல கூடைகள் ஒன்றாக வந்தால் ஹார் காவை முதலில் எடுங்கள். பாவ் சற்றுப் பொறுக்கும், குழம்பில் ஊறிய கோழிக்கால் அதைவிடப் பொறுக்கும். மீந்த ஹார் காவை மறுபடி ஆவியில் வைத்தால் அமைலோபெக்டினின் அடுக்கு 60 டிகிரி வாக்கிலேயே கலைந்து தோல் ஓரளவு இளகும். அமைலோஸின் அடுக்கு கலைய 100 டிகிரிக்கு மேலான சூடு வேண்டும், மூங்கில் கூடையில் அது கிடைக்காது.