ஷவியேர் எப்படி ஹவியேர் ஆனது?

அர்ஜென்டினா அதிபர் மிலேயின் முதல் பெயரை ஜேவியர் என்று படிப்பதா, சேவியர் என்பதா, ஹவியேர் என்பதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்பானிய மொழியில் ஹவியேர். ஆனால் 2010 முதல் 2015 வரை பார்சலோனா கால்பந்து அணியில் ஹவியேர் மஸ்செரானோவும் சாவி எர்னாண்டஸும் சேர்ந்து ஆடினார்கள். சாவி என்பது சேவியரின் சுருக்கம், ஆக இரண்டும் ஒரே பெயர்தான். ஒருவருக்கு ஹ, இன்னொருவருக்கு ச எப்படி வந்தது?

இது முதலில் ஆளின் பெயரே அல்ல, வீட்டின் பெயர். வட ஸ்பெயினில் நவார்ரா பகுதியில் ஒரு கோட்டை இருக்கிறது. அந்தப் பகுதியில் பேசப்பட்ட பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிய. எச்சேபெர்ரி, அதாவது புதுவீடு. முன்னாலிருந்த எ உதிர்ந்து, ச்ச குழைந்து ஷ ஆகி, கோட்டையின் பெயர் ஷவியேர் என்று நின்றது. 1506-இல் அங்கே பிறந்தவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார். அப்பாவின் பெயரில் இருந்தது ஹாசோ. கோட்டையோ அம்மா வழிச் சொத்து. மகனுக்கு ஒட்டிக்கொண்டது கோட்டையின் பெயர்தான். பாஸ்க் மக்களிடம் வீடுதான் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது.

புதுவீடு எந்த ஊரில்தான் இருக்காது? எச்செவெர்ரீயா, எச்செவர்ரீயா என்று அங்கங்கே தனித்தனியாக இதே பெயர் முளைத்தது. 1970 முதல் 1976 வரை மெக்சிகோ அதிபராக இருந்த லூயிஸ் எச்செவெர்ரீயாவும் ஒரு புதுவீட்டுக்காரர்தான். இந்தப் பெயருள்ள இருவர் உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ‘உங்கள் வம்சத்தின் சின்னம்’ என்று படம் விற்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது அப்பட்டமான ஏமாற்று.

சரி, ஷ எப்படி ஹ ஆனது? 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்டில் பகுதி ஸ்பானியத்தில் உரசொலிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பல்லோரம் ஒரு ச, நாக்கு நுனியைத் தூக்கிச் சொல்லும் இன்னொரு ச, அதற்குச் சற்றே பின்னால் ஷ. காதுக்கு இவற்றைப் பிரித்தறிவது சிரமம். அதனால் ஓரத்தில் இருந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகின என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம். முன்னாலிருந்த ச பற்களுக்கு இடையே போய், ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்பதன் முதல் ஒலி போல ஆனது. ஷ பின்னால் போனது. அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஸ்பானியத்தில் முன்னிரண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கேயும் ஷ பின்னுக்குத்தான் நகர்ந்தது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ‘ஷ்ஷ்ஷ்’ என்று நீட்டுங்கள். காற்றை நிறுத்தாமல், நாக்கின் நுனியைக் கீழே இறக்கி, பின்பகுதியை மெல்ல மெல்ல மென்னண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையில் பின்பக்கம் மெதுவாக இருக்கும் பகுதியை, நோக்கி உயர்த்துங்கள். கூர்மையான சீறல் படிப்படியாகத் தணிந்து, க பிறக்கும் இடத்தில் கரகரப்பாக வரும். காற்று உரசும் இடத்துக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள வெளி நீள நீள, சத்தத்தின் சுருதி இறங்கும். நாக்கு கொஞ்ச தூரம் நகர்ந்தாலே காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிகிறது! ‘பகல்’ என்பதில் வரும் க-வைக் குரல் சேர்க்காமல் அழுத்தி உரசினால், மாட்ரிட்காரர் சொல்லும் ஹவியேரின் முதல் ஒலி கிடைத்துவிடும்.

இந்த மாற்றம் நிலைபெற்றது 17-ஆம் நூற்றாண்டில். சவேரியார் கோவாவில் வந்து இறங்கியதோ 1542-இல். அங்கிருந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் பெயர் இங்கே பரவியது, ஷ-வை இன்றுவரை விடாத போர்ச்சுக்கீசியர் காலத்தில். அதனால்தான் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தின் பெயரில் ஹ-வின் வாடையே இல்லை. பார்சலோனா வட்டாரத்தின் கட்டலான் மொழியும் பாஸ்க்கும் இந்த மாற்றத்தில் சேரவில்லை. கட்டலோனியாவில் பிறந்த சாவியின் ச அங்கிருந்து வந்தது.

ஒலி மாறிய பிறகும் ஸ்பானிய எழுத்துமுறை, ஷ-வுக்கு எழுதிவந்த பழைய எக்ஸ் எழுத்தையே வெகுகாலம் வைத்திருந்தது. 1815-இல்தான் அரச மொழிக்கழகம் இந்த ஒலிக்கு அதை எடுத்துவிட்டு ஜே போடச் சொன்னது. மெக்சிகோவோ தன் பெயரில் எக்ஸை விடவில்லை. எழுதுவது அப்படி, சொல்வது ‘மெஹிகோ’.

எச்செவெர்ரீயாவின் ச்ச மட்டும் ஏன் தப்பியது? அதைச் சொல்லும்போது நாக்கு ஒரு கணம் காற்றை முழுதாக அடைத்துவிட்டுப் பிறகு விடுகிறது. அந்த அடைப்பு ஒன்றே அதை மற்ற உரசொலிகளிடமிருந்து பிரித்துக் காட்டியதால், அது இடம் மாற வேண்டியிருக்கவில்லை. சொல்லும்போது ‘ரீ’யில் அழுத்தம் கொடுங்கள், ‘ர்ர’வை நன்றாக உருட்டுங்கள். வ-வுக்குப் பல் உதட்டைத் தொடக் கூடாது. இரண்டு உதடும் ப சொல்வது போல நெருங்கி, ஒட்டாமல் நிற்க வேண்டும்.