காது கேளாத பிள்ளையும் பாடசாலை அனுமதியும்: சட்டம் என்ன சொல்கிறது?

காது கேளாத பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்க்கப் போகும் கொழும்புப் பெற்றோர் சிலருக்கு, “இரத்மலானைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்ற பதில்தான் கிடைக்கிறது. அங்குள்ள, 1912இல் தொடங்கிய செவிப்புலனற்றோர் பாடசாலை செய்துவரும் பணி பெரியது. ஆனால் பிள்ளை எங்கே படிப்பது என்று யோசித்து முடிவெடுக்க வேண்டியது குடும்பம். அப்படியொரு பாடசாலை இருப்பது, அனுமதி மறுக்க ஒரு சாக்காக முடியாது.

இயலாமையுடையவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது. “எந்த” என்பதால் தனியார் பாடசாலையும் இதற்குள் வரும். வேலைக்கு ஆள் எடுப்பதற்கும், பொதுமக்கள் போய்வரும் இடங்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

நீதிமன்றம் வரை போகாமலே பல விடயங்கள் முடியும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள். அரச பாடசாலை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். ஆணைக்குழுவின் துரிதத் தொலைபேசி இலக்கம் 1996. மறுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடுவதற்கும் அதே ஒரு மாதம்தான் கெடு. ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே விளக்குவார். பிள்ளை பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்க்கும். “நாளைக்கு அரைநாள் பாடசாலை” என்று ஒலிபெருக்கியில் சொன்னது அதற்கு மட்டும் தெரியாது. வகுப்புக்குள் உட்கார வைத்துவிட்டுப் பேச ஆளில்லாமல் விடுவதைச் சேர்த்துக்கொண்டதாக என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சைகை மொழியும் ஒரு மொழியே என்கிறது அது. பாடசாலையில் அதைக் கற்க வழி செய்யவும், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை வேலைக்கு அமர்த்தவும் 24ஆம் உறுப்புரை அரசைக் கேட்கிறது. சமவாயத்தை மட்டும் காட்டி இங்கே வழக்காட முடியாது. அதற்கு உள்நாட்டுச் சட்டம் வேண்டும். ஆனாலும் அதிபருக்கோ கல்வி அலுவலகத்துக்கோ எழுதும் கடிதத்தில் அந்த உறுப்புரையைக் குறிப்பிடுங்கள். நீங்கள் சலுகை கேட்கவில்லை, அரசு கொடுத்த வாக்கைத்தான் நினைவூட்டுகிறீர்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் ஒரு சைகை மொழி வகுப்பைக் கேட்கலாம். வகுப்புத் தோழர்கள், சிற்றுண்டிச்சாலையில் நிற்பவர், வாயில் காவலர் எல்லாரும் அதில் இருக்கட்டும். கற்பிக்கக் காது கேளாத ஒருவரையே அழையுங்கள்; அது அவருடைய மொழி. புருவமும் முகமும் அதில் இலக்கணம், புத்தகப் படத்தைப் பார்த்து அது வராது. இடத்துக்கு இடம் சைகைகள் மாறும் என்பதால், பிள்ளை ஏற்கெனவே பழகிய சைகைகளை முதலில் கேட்டறியுங்கள். கற்பிப்பவருக்கு உரிய கொடுப்பனவையும் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.