டாப் மாடலுக்குக் கையெழுத்துப் போடும் முன் பின்கண்ணாடியைப் பாருங்கள்

கோத்தகிரியில் பட்டறை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு பெரியவர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கி ஏழு மாதமே ஆன காரை நிறுத்திவிட்டு, “தம்பி, வண்டிக்குள்ளே மழை பெய்கிறது” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஓட்டுநர் காலடியில் கிடந்த மிதியடியைத் தூக்கிப் பிழிந்தபோது அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.

வண்டியில் சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி ஜன்னல், இருந்தது. பலர் அதைச் சொட்டுத் தண்ணீர் நுழையாத மூடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதை ஏந்திக்கொள்ள உள்ளே வாய்க்கால் மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அதன் மூலைகளிலிருந்து சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரைத் தரையில் விட்டுவிடும். பெரியவர் வண்டியை நிறுத்துவதோ சில்வர் ஓக் மரத்தடியில். இலைத்தூளும் பூத்தூளும் சேறாகி முன்மூலைக் குழாயை அடைத்துவிட்டன. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகக் குத்திக் குத்தி எடுத்தேன். (கம்ப்ரசர் காற்றை மட்டும் அடித்துவிடாதீர்கள். குழாய் உள்ளுக்குள் கழன்றுகொண்டால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டிவரும்.)

வேலை முடிந்து வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைக் கலைக்கும் டீஃபாகர் பொத்தானைத் தேடினேன், இல்லை. பின்பக்க வைப்பரும் இல்லை. பெரியவர் முன்பெட்டியைத் திறந்து ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினார்.

அந்தத் துண்டுதான் என்னை இதை எழுத வைத்தது. கூரையில் ஜன்னல் வைத்த வண்டியில், பின்கண்ணாடியைத் துடைக்க ஒரு கம்பி இல்லை. இப்போது ஒரே மாடலின் நடுத்தர வேரியன்ட்களில், அதாவது விலைக்கேற்ப வசதி கூடிக் குறையும் வகைகளில், இப்படித்தான் பலவற்றைக் கட்டித் தருகிறார்கள். ஷோரூமில் கண்ணைப் பறிப்பது உள்ளே வரும். கண்ணில் படாதது மேல் வேரியன்ட்டுக்குப் போய்விடும். நமக்கு வேண்டிய ஒன்றைத் தனியாகக் கேட்டால், “அது அந்தப் பேக்கேஜில், பல வசதிகள் சேர்ந்த தொகுப்பில்தான் வரும் சார்” என்பார்கள். ஒன்றுக்காக வேண்டாத நான்கையும் சேர்த்து வாங்க வேண்டும்.

சமவெளிக்காரர் பார்க்கும் பட்டியலை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று வரும் இருக்கை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே நல்ல வசதிதான். மார்கழியில் கோத்தகிரியில் அதை யார் போடப்போகிறார்கள்? தோல் போன்ற உறை போட்ட இருக்கை இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கிறது. துணி இருக்கையே மேல் என்பேன். மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கண்ட்ரோலைக் கொண்டை ஊசி வளைவில் போடுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரிய அலாய் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடும்; எஸ்டேட் பாதைக் குழியில் இறங்கினால் அடி நேரே சக்கரத்துக்குத்தான். கேமராவை நம்பித் தானே பிரேக் பிடிக்கும் வசதிகளும் இப்போது வந்துவிட்டன. நெடுஞ்சாலையில் பயனுள்ளவை. ஆனால் தொட்டபெட்டா சந்திப்பு மூடுபனியில் நமக்குத் தெரியாத சாலை கேமராவுக்கும் தெரியாது. கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். அது தனிச் செலவு.

மாறாக, ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு, வழுக்கும்போது நிலைநிறுத்தும் இஎஸ்சி, பின்பக்க டீஃபாகர், வைப்பர், பனிவிளக்கு ஆகியவற்றுக்கு இங்கே வேலை இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், முன்பக்க இரண்டு ஏர்பேக் எல்லாம் சட்டப்படி எந்த வேரியன்ட்டிலும் இருந்தாக வேண்டியவை. அவற்றைப் பேக்கேஜின் பெருமையாகச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

“குளிர் ஊரில் ஏசி எதற்கு?” என்று கேட்பவர்களும் வருகிறார்கள். முன்கண்ணாடியில் ஆவி படியும்போது ஏசிதான் உள்காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஏசியைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஆவி கலைந்துவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் அணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் மிச்சம் இருந்தால் பேக்கேஜை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வலுவை இழக்கிறது. குடும்பத்தோடு ஏறும்போது முதல் கியரில் முனகுவது இதனால்தான்.

விலையில் யாரும் விளக்காத ஒரு படி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய வாழ்நாள் வரியில், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. வண்டி 9,80,000 ரூபாய் என்றால் வரி 1,27,400. 40,000 ரூபாய்ப் பேக்கேஜைச் சேர்த்து 10,20,000 ஆக்கினால் வரி 1,83,600. ஆக அந்த 40,000 ரூபாய் வசதி உங்களுக்கு 96,200 ரூபாய். இதற்கு மேல், விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் 1 சதவீத டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள். அதையாவது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே விலையை ஷோரூம் விலையில் ஒப்பிடாதீர்கள். இரண்டு வேரியன்ட்டுக்கும் வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையை எழுதித் தரச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஷோரூமில் தலையில் கட்டும் மிதியடி, கதவுப் பட்டை ‘கிட்’ வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காப்பீட்டையும் வெளியே எடுக்கலாம். கம்பெனியிலிருந்து வராத ஸ்டீரியோ, விளக்கு எதையாவது வெளியே மாட்டினால், பாலிசியில் சொல்லிச் சேர்க்காதவரை அதற்கு இழப்பீடு கிடைக்காது. ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் வாரண்டியிலும் வம்பு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சன்ரூஃப்தான் வேண்டுமென்றால், வாங்குங்கள். ஆசைக்கு அணை போட நான் யார்? டெலிவரி அன்று மூடியைத் திறந்து, முன்மூலை வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். பிறகு குனிந்து முன்சக்கரத்துப் பக்கம் பாருங்கள். அங்கே சொட்டினால் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.