வயலில் இறங்கும் ஹெலிகாப்டர் ஏன் கவிழ்கிறது?

கிராமப்புறத்தில் சிறிய ஹெலிகாப்டர் ஒன்று இறங்கும்போது கவிழ்ந்தால், "இன்ஜின் கோளாறாம்" என்பதுதான் முதல் பேச்சு. பல நேரம் இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் சறுக்குக் கால்) மண்ணைத் தொட்டு, மற்றது தொடாமல் இருக்கும் அந்த ஓரிரு வினாடிகளில்தான் காரியம் கெடுகிறது.

அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் சாய்ந்தால், சைக்ளிக்கை (வண்டியைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் சாய்க்கும் கைப்பிடியை) எதிர்ப்பக்கம் தள்ளினாலே நிமிர்ந்துவிடும். ஸ்கிட் முனை உழவுச் சாலிலோ வேரிலோ சேற்றிலோ மாட்டிவிட்டால் அப்படி நிமிராது. இப்போது மாட்டிய ஸ்கிட்தான் அச்சு. தூக்க வேண்டிய ரோட்டாரின் (தலைமேல் சுழலும் பிளேடுகளின்) விசையே கவிழ்க்கிற விசையாகிவிடுகிறது. இதைத்தான் டைனமிக் ரோல்ஓவர் என்கிறோம். சாய்வு வேகமெடுத்துவிட்டால் 5 முதல் 8 டிகிரியிலேயே எல்லை தாண்டிவிடும்; பிறகு சைக்ளிக்கை முழுதாக எதிர்ப்பக்கம் தள்ளியும் பயனில்லை.

பதற்றத்தில் கை கலெக்டிவை (வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை) மேலே இழுக்கும், எப்படியாவது எழும்பிவிடலாம் என்று. அது கவிழ்வதை விரைவுபடுத்தும். கலெக்டிவைக் கீழே இறக்குவதுதான் வழி, அதுவும் ஒரே சீராக. படாரென்று இறக்கினால் வண்டி எதிர்ப்பக்கம் குதிக்கலாம். பிளேடு வால்பகுதியில் அடிக்கலாம். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டார் என்றால் வால் ரோட்டாரின் உந்துதல் வலப்பக்கம் தள்ளும். ஆகவே வலது ஸ்கிட் மாட்டுவது கூடுதல் ஆபத்து. இடமிருந்து காற்றும் வீசினால் இன்னும் மோசம்.

இடத்தை 300 முதல் 500 அடி உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் இறங்கக் கூடாது. மேலிருந்து புல்வெளி சமதளமாகத்தான் தெரியும். வரப்பும் கல்லும் புல்லுக்குள் இருக்கும். சரிவு 5 டிகிரிக்கு மேல் என்றால் வேறு இடம் தேடுங்கள். மின்கம்பி கண்ணில் படாது, கம்பம்தான் படும். கம்பத்தைத் தேடிப் பிடித்து, கடக்க வேண்டியிருந்தால் அதன் உச்சிக்கு மேலாகவே கடக்க வேண்டும். காய்ந்து உயர்ந்த புல்லும் வேண்டாம். எக்ஸாஸ்ட் (இன்ஜின் புகைக்குழாய்) சூட்டில் தீப்பிடிக்கும்.

வேகம் 30 நாட் (knot, மணிக்கு சுமார் 55 கி.மீ.) அளவுக்குக் கீழே போன பிறகு, எஞ்சின் பவரோடு நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்காதீர்கள். ரோட்டார் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மூழ்கும். பவர் கூட்டக் கூட்ட இன்னும் வேகமாக இறங்கும். காற்று பின்னாலிருந்து வீசும்போது இந்த வலையில் விழுவது எளிது.

உழுத வயலில் தூசி தனித் தலைவலி. தரை மறைந்ததும் வண்டி பக்கவாட்டில் நகர்வது விமானிக்கே தெரியாது. அப்படி நகர்ந்தபடி தொட்டால் ஸ்கிட் மாட்டாமல் என்ன செய்யும்? தூசி மூடினால் விட்டுவிட்டு எழும்புவதில் வெட்கமே இல்லை. தொட்ட பிறகும் கலெக்டிவ் அடிவரை இறங்கி, இரண்டு ஸ்கிட்டும் அசையாமல் உட்காரும்வரை தரையிறக்கம் முடியவில்லை.

வேடிக்கை பார்க்க வருபவர்களை 50 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். வால்பக்கம் யாரும் போகக் கூடாது. கவிழ்ந்துவிட்டாலும் ரோட்டார் முழுதாக நிற்கும்வரை ஓடிப் போகாதீர்கள். உடைந்த பிளேடும் வெட்டும். பீடி, சிகரெட் கூடாது. தீயோ எரிபொருள் கசிவோ இல்லையென்றால் உள்ளே சிக்கியவரை இழுக்க வேண்டாம். கழுத்தும் தண்டுவடமும் அடிபட்டிருக்கலாம். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி மருத்துவ உதவி வரும்வரை கூடவே இருங்கள்.