எது கொழுப்பு, எது கொலஸ்ட்ரோல்?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் அம்மம்மா கிளினிக்குக்குப் போய் வந்து "எனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சாம் மனே" என்றதும், மாமா "அது எங்களுக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிழை அம்மம்மாவில் இல்லை, சொல்லில். இரத்தத்தில் கூடியது கொலஸ்ட்ரோல். அதைக் கொழுப்பு என்று தமிழாக்கிச் சொன்னதால் மனுஷி அன்றோடு கறிக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டார். இரவில் எருமைத் தயிரும் சீனியும் மட்டும் வழக்கம்போல. தயிரில் எங்கே எண்ணெய்?

கொழு என்றால் செழித்தல், தசை பிடித்தல். கொழுத்த ஆடு, கொழுகொழு பிள்ளை எல்லாம் அந்த வழிதான், செழிப்பு தலைக்கேறினால் 'கொழுப்பெடுத்தவன்'. இறைச்சியில் படிந்திருப்பதைப் பழைய தமிழில் நிணம் என்றார்கள். இன்று அந்தச் சொல் நிணநீருக்குள் போய் வேறு வேலை பார்க்கிறது. எண்ணெய் இன்னும் வேடிக்கை: எள் + நெய். அப்படிப் பார்த்தால் தேங்காயெண்ணெய் என்பது தேங்காயின் எள்நெய், மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரசாயனவியலில் எண்ணெயும் கொழுப்பும் ஒரே சாமான்தான், ஒரு கிளிசரோல் மூலக்கூறில் தொங்கும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலி. சாதாரண வெப்பநிலையில் உருகிக் கிடந்தால் எண்ணெய், உறைந்திருந்தால் கொழுப்பு.

கொலஸ்ட்ரோல் அந்தச் சாமான் இல்லை. பித்தப்பைக் கல்லில் கிடைத்த பொருளுக்கு 1815-இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஷெவ்ரொல் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. கிரேக்கத்தில் 'கோலே' பித்தம், 'ஸ்டெரியோஸ்' திண்மம். உடம்பு அதை எரித்துச் சக்தி எடுப்பதில்லை. கல மென்சவ்வுக்கும் சில ஹோர்மோன்களுக்கும் விற்றமின் டீக்கும் பித்த உப்புக்கும் அது வேண்டும், பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. தாவரத்தில் அது இல்லையென்றே சொல்லலாம், ஆகவே எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று ஒட்டுவது தேங்காயில் மீன்முள் இல்லை என்று விளம்பரம் செய்வது மாதிரி.

அதற்காகத் தேங்காயெண்ணெயை அள்ளி ஊற்றவும் முடியாது. அதில் 80 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு, நிரம்பியது கூடினால் இரத்தத்தில் எல்டிஎல் என்ற 'கெட்ட' கொலஸ்ட்ரோல் ஏறும். நிரம்பிய என்பது எங்கள் பாடநூல் சொல், தமிழ்நாட்டில் நிறைவுற்ற என்பார்கள். எனக்கு எங்களுடையதுதான் பிடிக்கும்: கொழுப்பமிலத்தின் காபன் சங்கிலியில் ஐதரசன் ஏறக்கூடிய இடமெல்லாம் ஏறிவிட்டது, பின்னேரக் கல்முனை பஸ் மாதிரி. நிரம்பாததில் இடம் கிடக்கும், அந்த இடத்தில் சங்கிலி வளையும், வளைந்ததை நெருக்கி அடுக்க முடியாததால் உறையாமல் திரவமாக நிற்கும். எண்ணெய்க்கு அரைகுறையாக ஐதரசன் ஏற்றும்போது சில சங்கிலிகள் நிரம்பாமலேயே நேராகிவிடும், அதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு, இருப்பதில் ஆகக் கூடாதது. உலக சுகாதார அமைப்பு நாளாந்தச் சக்தியில் நிரம்பியதை 10 வீதத்துக்குள்ளும் ட்ரான்ஸை 1 வீதத்துக்குள்ளும் வைக்கச் சொல்கிறது.

ஒரேயடியாக நிறுத்துவதும் பிழை. ஒரு கிராமுக்கு 9 கலோரி தருவது போக, விற்றமின் ஏ, டீ, ஈ, கே நான்கும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். எண்ணெயும் தேங்காய்ப்பூவும் இல்லாமல் அம்மம்மா சுண்டிய முருங்கையிலையில் பாதிப் பயன் வீணாகத்தான் போயிருக்கும். லினோலெயிக் மாதிரிக் கொழுப்பமிலங்களை உடம்பால் செய்யவே முடியாது, சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். ஒமேகா 3 என்ற கொழுப்பமில வகைக்கு இங்கே சூடை மீன் இருக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சாப்பாட்டில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு, கொலஸ்ட்ரோல் எல்லாம் அடங்கிய பெருங்குடும்பம் இலிப்பிட்டு, கொழுமியம் என்றும் எழுதுகிறார்கள். கொலஸ்ட்ரோலைக் கொலஸ்ட்ரோல் என்றே விடலாம் என்பது என் கட்சி, ஊரில் எல்லோருக்கும் அது விளங்கும்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப தயிர்?" எருமைப்பாலில் பசுப்பாலைவிட ஏறக்குறைய இருமடங்கு கொழுப்பு, அதிலும் கூடுதலானது நிரம்பியது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது சின்னச் சட்டியாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.