தேய்ந்த பல்லுக்கு முதலில் கண், பிறகுதான் எக்ஸ்ரே

"பல் ரொம்பக் கூசுது டாக்டர், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திடுங்க." பல் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் பல் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எக்ஸ்ரேயின் வேலை அல்ல. எச்சிலைத் துடைத்து, காற்றடித்துப் பல்லை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்.

பல்லின் மேலுறையான எனாமல் கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்து, கழுத்துப் பகுதியில் ஒன்றுமில்லாமல் போகும். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

எது தேய்த்தது என்பதைத் தேய்ந்த இடமே சொல்லிவிடும். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பவர்களுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசும் இடங்கள் தட்டையாகி, கண்ணாடிபோல் மின்னும். மேலே உள்ள தட்டையும் கீழே உள்ள தட்டையும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். கெட்டியான பிரஷ்ஷால் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும், கரித்தூளும் செங்கல் பொடியும் வைத்துத் துலக்குபவர்களுக்கும், கோரைப்பல்லின் ஈறோரத்தில் அரிவாளால் கொத்தியதுபோல் 'வி' வடிவப் பள்ளம் விழும். வலக்கைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் இடப்பக்கம் ஆழமாக இருக்கும், அழுத்தம் அங்கேதான் அதிகம் விழுகிறது.

அமில அரிப்பின் முகம் வேறு. கடைவாய்ப் பல்லின் முகடுகளில் சின்னக் கிண்ணம்போல் குழி விழும். பழைய வெள்ளி அடைப்பு ஏதேனும் இருந்தால் அது தீவுபோல் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். உண்மையில் அடைப்பு மேலே வரவில்லை, சுற்றியிருந்த பல் கரைந்து கீழே இறங்கிவிட்டது. இந்தத் தோற்றத்தைக் கண்டால் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தே ஆகவேண்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கடுமை) வாயில் சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2க்கும் 3க்கும் இடையில். இரைப்பை அமிலம் 1 முதல் 2. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைமணி நேரம் உறிஞ்சுவது, ஒரே மூச்சில் குடிப்பதைவிடப் பல்லுக்கு அதிகக் கேடு. மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அமிலம் வயிற்றிலிருந்து மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி உண்டா என்று மருத்துவர் தயங்காமல் கேட்க வேண்டும். நோயாளி தானாகச் சொல்லமாட்டார். வாந்திக்குப் பிறகு உடனே பிரஷ் பண்ணக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் போதும்.

அரிப்பைப் பதிந்துவைக்க, 2008இல் வெளியான 'பீவி' என்ற அளவுகோல் வசதியானது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 14ஐத் தொட்டால் அதிக ஆபத்து. கண்ணாடியும் விளக்கும் தவிர இதற்கு வேறெதுவும் வேண்டாம்.

அப்படியானால் எக்ஸ்ரே எப்போது? தேய்மானம் நரம்பை நெருங்கிவிட்டதா, வேர் நுனியில் சீழ் பிடித்திருக்கிறதா, வேர் சிகிச்சை தேவையா என்ற குறிப்பான கேள்வி எழும்போது. கேள்வி இல்லாமல் எடுத்த படம் குழப்பத்தையும் தரும். ஈறோரத் தேய்மானப் பள்ளம் படத்தில் கறுப்பாக விழுந்து சொத்தைபோலவே தெரியும். வாயில் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

பயமும் வேண்டியதில்லை. ஒரு சிறிய பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), இயற்கையிலிருந்து ஒரு நாளில் நமக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமம். முழுத் தாடைப் படமான ஓ.பி.ஜி. சில நாட்களுக்குச் சமம். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் சில நூறு மைக்ரோசீவர்ட் வரை போகும். வெறும் பல் கூச்சத்துக்கு அதை எழுதித்தருவது தவறு.

அளவு குறைவு என்பதால் அலட்சியமும் கூடாது. நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், எக்ஸ்ரே வந்த புதிதில் தன் கையையே கதிருக்குள் நீட்டி வேலை பார்த்தவர். புற்றுநோயால் முதலில் விரல்கள், பிறகு கையே போயிற்று. 1928இல் இறந்தார். இன்றும் சில இடங்களில் குழந்தையின் வாயில் உதவியாளர் விரலால் பிலிமைப் பிடித்துக்கொள்கிறார். ஒருமுறைகூடச் செய்யக் கூடாத காரியம் அது. பிலிம் ஹோல்டர் வைக்க வேண்டும். முடியாவிட்டால் கவசம் அணிந்த பெற்றோர் பிடிக்கலாம்.

எக்ஸ்ரே குழலின் முனையிலுள்ள வட்டக் கூம்பு 6 செ.மீ. விட்டம் என்றால் கதிர் விழும் பரப்பு 28 சதுர செ.மீ. பெரியவர்களுக்கான பிலிமின் பரப்போ சுமார் 13. பாதிக்குமேல் வீணாகக் கன்னத்தில் விழுகிறது. செவ்வகக் கூம்பு மாட்டினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். ஈயக் கவசத்தைவிட இதுதான் பெரிய பாதுகாப்பு. 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஈயக் கவசமும் தைராய்டைக் காக்கும் கழுத்துப்பட்டையும் வழக்கமாகத் தேவையில்லை என்று அறிவித்ததும் இத்தகைய முன்னேற்றங்களை வைத்துத்தான். ஓ.பி.ஜி.யில் கழுத்துப்பட்டை படத்தையே மறைத்து, மறுபடி எடுக்கவைக்கும்.

இந்த மறுபடி எடுப்பதுதான் தவிர்க்கக்கூடிய கதிர்வீச்சில் பெரும்பங்கு. குழலைச் செங்குத்தாகச் சாய்த்தால் பல் குட்டையாகவும், படுக்கையாக வைத்தால் நீளமாகவும் விழும். பிலிமைத் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் ஈயத்தாளின் அச்சோடு வெளிறிய படம் வரும். எடுப்பவர் குழலுக்கு எதிரே நிற்காமல், பக்கவாட்டிலோ சற்றுப் பின்புறமோ குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்காகிவிடும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி எக்ஸ்ரே கருவியை இயக்கக் கூடாது. அனுமதி இருக்கிறதா என்று நோயாளி கேட்பதில் தவறேயில்லை.

கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீக்கம், தாங்கமுடியாத வலி என்றால் எடுக்கலாம், வழக்கமான பரிசோதனைப் படத்தைத் தள்ளிப்போடலாம். தேய்மானம் கூடுகிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் எக்ஸ்ரே வேண்டாம், பல்லைப் படியெடுத்த ஒரு மாவு அச்சும் சில புகைப்படங்களும் போதும். மருத்துவரை மாற்றினால் பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.