பெட்டிக்குள் நொறுங்கும் பூட்ஸ்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முப்பதைத் தாண்டியிருப்போம். எதிரே பேருந்து இறங்கி வந்ததால் வண்டியை ஓரமாக நிறுத்தி வலது காலை ஊன்றினேன். கால் தரையில் நிற்கவில்லை. காலுக்கடியில் ஏதோ புட்டு மாதிரி உதிர்ந்து வழுக்கியது. பின்னால் வந்த நண்பர் ஓடிவந்து வண்டியைப் பிடித்திருக்காவிட்டால் நானும் வண்டியும் சேர்ந்தே சாய்ந்திருப்போம். குனிந்து பார்த்தேன். பூட்ஸின் சோலில் பாதியைக் காணோம். சாலையில் கறுப்புத் துகள்கள் கிடந்தன.

அந்த ரைடிங் பூட்ஸை நான் வாங்கியது 2016-இல். அதுவரை எனக்காக நான் வாங்கிய பொருட்களிலேயே விலை கூடியது அதுதான். லடாக் போகும்போது போடலாம் என்று பெட்டியோடு லாஃப்டில் ஏற்றி வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். பக்கத்து ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் பழைய பூட்ஸ்தான். ஏழு வருடம் கழித்து, லடாக் போவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாமே என்று கொல்லிமலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். அதுதான் அதன் முதல் பயணம்.

போடாத செருப்பு எப்படித் தேயும்? அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. பதில் பாதி வேதியியலிலும் பாதி நம் மனதிலும் இருக்கிறது.

முதலில் சோல். இன்றைய பூட்ஸ்களில் பெரும்பாலானவற்றின் அடிப்பாகத்தில் ரப்பர் மட்டும் இருப்பதில்லை. தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவில், பாதத்துக்கு மெத்தையாக ஒரு நுரை அடுக்கு இருக்கும். அது பெரும்பாலும் பாலியூரிதேன். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கிய பொருள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் பொங்கி, நுண்குமிழ்கள் நிறைந்த நுரையாக இறுகிவிடும். எடை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் தேயாது. செருப்புத் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

பாலியூரிதேனில் இரண்டு வகைகள் முக்கியமானவை: எஸ்டர் வகை, ஈதர் வகை. எஸ்டர் வகைதான் அதிக உறுதி. உராய்வையும் எண்ணெயையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். வண்டி ஓட்டுபவரின் காலுக்கு இதெல்லாம் தேவை என்பதால் பூட்ஸ்களில் இதைத்தான் அதிகம் காணலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

எஸ்டர் பிணைப்பு எப்படி உருவாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது எஸ்டர் கிடைக்கிறது, கூடவே நீர் வெளியேறுகிறது. இந்த வினை பின்னோக்கியும் நடக்கும். எஸ்டரோடு நீர் சேர்ந்தால் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் உடையும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சோலை வாளியில் முக்கி வைக்கத் தேவையில்லை, காற்றில் இருக்கும் ஈரப்பதமே போதும். நீராவி மூலக்கூறுகள் நுரைக்குள் மெல்ல ஊடுருவி, நீண்ட பாலிமர் சங்கிலிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுக்கின்றன.

ஒவ்வொரு அறுப்பிலும் ஓர் அமில முனை மிஞ்சுகிறது. அந்த அமிலமே அடுத்த அறுப்புக்கு வினையூக்கி ஆகிறது. ஆக, வினை போகப்போக வேகம் பிடிக்கும். முதல் சில வருடங்கள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சங்கிலிகள் குட்டையாகிக்கொண்டே வந்தாலும், ஓர் அளவு வரை நுரை பார்வைக்கும் தொடுகைக்கும் புதிது போலவே இருக்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் அழுத்தம் தாங்காமல் நொறுங்கும். என் பூட்ஸ் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே இற்றுப்போனது இப்படித்தான். இந்த வகைச் சோலுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள். அதுவும் கடையில் வாங்கிய நாளிலிருந்து அல்ல, ஆலையில் வார்த்த நாளிலிருந்து.

வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்த ஆயுள் இன்னும் சுருங்கும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையின் கடற்கரைக் காற்று ஈரத்துக்குக் குறைவில்லாதது. அதில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டின் லாஃப்ட், மே மாத வெயிலில் எப்படி இருக்கும்? பத்திரமான இடம் என்று நான் தேர்ந்தெடுத்தது, அந்த வினைக்கு வீட்டிலேயே மிகவும் வசதியான இடம்.

பூட்ஸ் மட்டும் இல்லை. உட்காரும் இடத்தில் செதில் செதிலாக உரியும் செயற்கைத் தோல் சோபா, கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப் போகும் கைப்பையின் உரிந்த கைப்பிடி ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே பாலியூரிதேன், இதே நீராற்பகுப்புதான். 1980-களின் புகழ்பெற்ற கூடைப்பந்து ஷூக்களைப் பெட்டி பிரிக்காமல் சேர்த்து வைத்தவர்கள், இன்று திறந்தால் அடிப்பாகம் பொடியாகிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். அருங்காட்சியகங்களுக்கும் இது பெரிய தலைவலி. எஸ்டர் வகை நுரை ஈரத்தால் உடைகிறது. ஈதர் வகை ஈரத்தைத் தாங்கினாலும் ஒளியாலும் ஆக்சிஜனாலும் சிதைகிறது. குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட அறைகளில் வைத்துச் சிதைவைத் தாமதப்படுத்தத்தான் அவர்களால் முடிகிறது.

பூட்ஸை அடிக்கடி அணிந்தால் சோல் பிழைக்குமா? நடக்கும்போது நுரை அமுங்கி விரிவதால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது, அதனால் போட்டுப் புழங்கும் பூட்ஸ் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அணிந்தாலும் வினை நிற்காது. அணிபவருக்கு அந்த வருடங்களின் பயணங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்து மேல் தோல். இதன் கதை வேறு, நமக்கு நெருக்கமானதும்கூட. தோல் என்பது அடிப்படையில் கொலாஜன் என்ற புரதத்தின் நார்ப்பின்னல். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு போல இருக்கும் கொலாஜனின் வடிவத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முன்வைத்தார்கள். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இந்த மும்முறுக்குச் சுருளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிடும் தோலும் இதே கயிறுதான்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். நீரில் வைத்துச் சூடாக்கினால் 60 டிகிரியைத் தாண்டியதுமே சுருங்கிவிடும். குரோமியம் உப்பு கொண்டு பதனிடும்போது, குரோமியம் அந்தக் கயிறுகளுக்கு இடையே பாலம் போட்டுக் கட்டுகிறது. அப்புறம் கொதிநீரையே தாங்கும். அதனால்தான் சோல் பொடியான பிறகும் என் பூட்ஸின் மேல் தோல் நன்றாக இருந்தது.

தோலுக்கு வேறொரு தேவை உண்டு. பதனிட்ட நார்கள் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அதனால் ஆலையிலேயே அதற்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால்தான் தோல் வளைகிறது. பெட்டியில் கிடக்கும் தோலில் இந்த எண்ணெய் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது, இடம் மாறுகிறது, குறைகிறது. காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சையும் வரும். மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்ததும் பெல்ட்டில் தெரியும் வெள்ளைப் பூப்பு அதுதான். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கவர் இதை இன்னும் மோசமாக்கும். பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நிரந்தரக் காவலாளி என்று பலர் நினைக்கிறார்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் குடிக்கலாம். வயிறு நிறைந்த பிறகு, சூடாக்கி உலர்த்தும் வரை அதனால் ஒரு பயனும் இல்லை.

என் அம்மாவுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. ஆனால் பீரோவில் இருக்கும் கல்யாணப் பட்டை சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உதறி, மடிப்பை மாற்றித்தான் வைப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை முறிந்து பட்டு நைந்துபோகும் என்பார். வைத்திருக்கும் பொருளும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே வீட்டில் வளர்ந்த நான் ஏன் ஏழு வருடம் பெட்டியைக் காவல் காத்தேன்?

நம் கைக்கு வந்துவிட்ட பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புப் போடுகிறோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காபிக் குவளைகளை வைத்துக் காட்டியது. குவளை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இழப்பு நமக்கு லாபத்தைவிடப் பெரிதாக வலிக்கிறது. கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு: பூஜ்யத்துக்கு அருகில்தான் வலி அதிகம், போகப்போக மழுங்கும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முதல் கீறலுக்கு வருவதுதான் மிகப் பெரிய தாவல். பத்தாவது கீறலை யாரும் எண்ணுவதுகூட இல்லை. புது பூட்ஸை முதல் முறை வெளியே எடுக்கத் தயங்குகிறோம், பழையதைச் சேற்றில் இறக்கக் கூசுவதில்லை.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. சூசன் ஷூ, ஐலட் க்நீஸி இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பலகாரக் கடைக்கான இலவசச் சீட்டைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவோடும் சிலருக்கு இரண்டு மாதக் கெடுவோடும் கொடுத்தார்கள். கெடு நீண்டவர்கள்தான் நிறைய பேர் போயிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். குறுகிய கெடு உள்ளவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் சீட்டைப் பயன்படுத்தினார்கள், நீண்ட கெடு உள்ளவர்களில் 6 சதவீதம் பேர்தான். கசப்பான வேலையைத் தள்ளிப்போடுவது போலவே இனிப்பானதையும் தள்ளிப்போடுகிறோம், பின்னால் நேரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். என் பூட்ஸுக்குக் கெடுவே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

என் கதைக்கு ரொம்பப் பொருந்துவது 2021-இல் ஜாக்குலின் ரிஃப்கினும் ஜோனா பெர்கரும் எழுதியது. சாதாரணப் பொருளைக்கூட ஒருமுறை பயன்படுத்தாமல் விட்டுவிட்டால், ‘இதை விசேஷத்துக்கு வைத்திருக்கிறேன்’ என்று மனம் அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறது. அடுத்த வாய்ப்பு அந்த விசேஷத்துக்கு ஈடாகத் தெரியாது, மறுபடி விடுகிறோம். விட விடப் பொருளின் மதிப்பு கூடுகிறது, தகுதியான நாள் இன்னும் தூரம் போகிறது. முதலில் ஏலகிரி போதும் என்றுதான் இருந்தேன். அப்புறம் ஊட்டி, மூணாறு. கடைசியில் லடாக்கைத் தவிர எதுவும் தகுதியில்லை என்றாகிவிட்டது. ஆனால் அந்த பூட்ஸின் கணுக்கால் காப்பும் தடித்த தோலும் விழும்போது என்னைக் காப்பதற்காக வைத்துத் தைத்தவை. ஏழு வருடம் நான் தினசரிச் சாலையில் அந்தக் காப்பு இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். இதை நினைத்தால்தான் இன்றும் மனது கனக்கிறது.

உங்களிடம் இப்படிப் பெட்டியில் கிடக்கும் ஜோடி இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் தயாரித்த மாதமோ ஆண்டோ சில நேரம் இருக்கும். சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல நுரை உடனே எழும்பும். தடம் பதிந்து நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, செதில் உதிர்ந்தாலோ முடிந்தது. கையால் வளைத்து, மடங்கும் கோட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் பயணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், மலையில் வேண்டாம். ஓட்டிவிட்டு வந்ததும் வியர்வை ஈரம் போக நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தோலை விறைக்க வைக்கும். வைக்கும் இடம் லாஃப்ட் வேண்டாம், காற்றோட்டமான கீழ்த்தட்டு நல்லது. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் தைத்த ரப்பர் சோல் உள்ளதை வாங்குங்கள். ரப்பரும் மூப்படையும்தான், ஆனால் பிரித்து மாற்ற முடியும்.

என்னுடையதைத் தூக்கிப்போட மனமில்லாமல், பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். மேல் தோலை இரண்டு கையாலும் பிசைந்து பார்த்தார். “தோலு இன்னும் பத்து வருஷம் வரும் தம்பி, அடிதான் போச்சு” என்றார். மிச்சமிருந்த நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தடித்த ரப்பரை வைத்துச் சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். முன்பைவிடக் கொஞ்சம் கனம். தினமும் வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். கியர் மாற்றி மாற்றி இடது பூட்ஸின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் போய் வெளுத்திருக்கிறது.